பணித்தளத்தில் ஒரு வாரம்: வெளிநாடு வந்து இறங்கும் இளம் மிஷனரிக்கு

பணித்தளத்துக்கு வந்து இறங்கிய இளம் ஊழியர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ என்னிடம் தனியாக வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அண்ணா, நான் இன்றைக்கு என்ன செய்யட்டும்?” சபையார் தலைமேல் கைவைத்து ஜெபித்துக் கண்ணீரோடு வழியனுப்பியிருப்பார்கள். இங்கே வந்தால் காலையில் எழுப்ப ஆள் இல்லை. கையெழுத்துப் போட வருகைப் பதிவேடு இல்லை. சுவிசேஷம் சொல்ல வந்தவருக்கு ஒரு சோப்புக்கட்டி கேட்டு வாங்கவே மொழி வராது. முதல் சில மாதங்களிலேயே திரும்பிப் போக நினைத்த பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். எதிர்ப்புக்குப் பயந்தவர்கள் அவர்களில் சிலரே. வெறுமையான நாட்களைத் தாங்க முடியாமல் போனவர்களே அதிகம். அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வாரத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய செய்தி. 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன வே. ச. அசரியாவுக்கு அப்போது 35 வயது. மேல்நாட்டு மிஷனரிகள் நிறைந்திருந்த அந்த மன்றத்தில் அவர் அவர்களுடைய தியாகத்தை நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று சொல்லி முடித்தார். கேட்டவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அவர் இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார். மிஷனரிகளை நம் மண்ணில் வரவேற்ற ஒருவர் அவர்களிடம் கேட்டது நட்பு. இன்று வேறொரு மண்ணுக்குப் போகும் நாமும் அந்தக் குரலை மனதில் வைத்துத்தான் நம் வாரத்தை அமைக்க வேண்டும். முதல் ஆண்டில் நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு: அந்த ஊர் மொழியைக் கற்பது, அந்த ஊர் மனிதர்களோடு பழகுவது. கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டுக்கும் நேரம் ஒதுக்கும் வழிகள்தான்.

புறப்படுமுன்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் கவனக்குறைவு வேண்டாம். எந்த விசாவில் போகிறீர்களோ அந்த விசா அனுமதிப்பதை மட்டும் செய்யுங்கள். பல நாடுகள் மத ஊழியர்களுக்கெனத் தனி விசா வைத்திருக்கின்றன. சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்வது அங்கே குற்றம். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு ஒருவரை மதம் மாற்றுவதையே தடை செய்கிறது. ரஷ்யாவில் 2016-இல் வந்த சட்டம் குடியிருப்பு வீடுகளில் மிஷனரிப் பணி செய்யக் கூடாது என்கிறது. மீறும் வெளிநாட்டவரை நாடுகடத்தலாம். போகும் நாட்டின் சட்டத்தை, அங்கே வாழும் ஒருவரிடம் வாக்கியம் வாக்கியமாகக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். “ஆண்டவருக்காகத்தானே” என்று சொல்லி விண்ணப்பப் படிவத்தில் பொய் எழுதுவதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. நாம் மாட்டிக்கொண்டால் விமானம் ஏறித் திரும்பிவிடலாம். நம்மை வீட்டில் ஏற்ற உள்ளூர் விசுவாசிகள்தான் காவல் நிலையத்துக்கு அலைவார்கள்.

மருத்துவம்: சில நாடுகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே அது செல்லுபடியாகும், எனவே கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். மலேரியா உள்ள பகுதி என்றால், மருத்துவர் தந்த தடுப்பு மாத்திரையை உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். பாஸ்போர்ட், விசா நகல்கள் ஒன்று உங்களிடம், ஒன்று அனுப்பிய மிஷன் அலுவலகத்தில், ஒன்று வீட்டாரிடம்.

திங்கள்: ஓய்வு

வாரத்தை ஓய்விலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையாருக்கு ஓய்வுநாள். ஊழியருக்கு அது முழு வேலைநாள். அதனால் திங்களையோ வேறொரு நாளையோ குறித்து, உங்களோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். அன்று துணி துவையுங்கள், அறையைக் கூட்டுங்கள், வேண்டியதை வாங்குங்கள், தூங்குங்கள், வீட்டாரோடு பேசுங்கள்.

உலகமெங்கும் இளம் ஊழியர்களைப் பெருமளவில் அனுப்புகிறது, மார்மன் சபை என்று பொதுவாக அழைக்கப்படும் சபை. ஆண்கள் 24 மாதம், பெண்கள் 18 மாதம், இருவர் இருவராக. உபதேசத்தில் எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளை இப்படிச் சொந்த வேலைகளுக்கென்று ஒதுக்கிவைப்பதை அவர்கள் ஒரு விதியாகவே கடைப்பிடிக்கிறார்கள். முன்பெல்லாம் அவர்கள் வீட்டாரோடு தொலைபேசியில் பேசியது ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே. 2019 பிப்ரவரி முதல் வாரம் ஒரு முறை பேசலாம் என்று மாற்றினார்கள். வாரம் ஒரு முறை என்பது என் அனுபவத்திலும் சரியான அளவு. தினமும் அம்மாவோடு காணொளியில் பேசிக்கொண்டிருக்கும் தம்பி, உடலால் மட்டும்தான் புது ஊரில் இருக்கிறார். பேசாமலே இருப்பவரோ மூன்றாம் மாதத்தில் உடைந்துபோகிறார்.

என் முதல் ஆண்டில் நான் ஓய்வுநாளை மதிக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடினேன். கடைசியில் காய்ச்சலில் விழுந்து, எனக்குச் சமைத்துக்கொடுக்கவும் மருந்து வாங்கவும் உள்ளூர்ச் சபையின் மூன்று குடும்பங்கள் தங்கள் வேலையை விட்டு வந்தன. ஊழியம் செய்யப் போன நான் அவர்களுக்குச் சுமையானேன். போஜனம் பண்ணக்கூட நேரமில்லாமல் இருந்த சீஷர்களைத் தனித்துச் சற்று இளைப்பாற வரும்படி இயேசு அழைத்ததை மாற்கு 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. எத்தனையோ முறை வாசித்த பகுதி. படுக்கையில் கிடந்தபோதுதான் அது எனக்கும் சொன்னது என்று புரிந்தது.

செவ்வாய் முதல் வியாழன் வரை: காலையில் மொழி

இந்த மூன்று காலைகளையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டம், விருந்தினர், அலுவலக வேலை எல்லாம் மதியத்துக்கு மேல்.

மொழி கற்க எவ்வளவு காலம் ஆகும்? அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஊழியர்களுக்கு மொழி கற்றுக்கொடுக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் ஸ்பானிய மொழியில் வேலை செய்யும் அளவுக்குத் தேற ஏறக்குறைய 30 வாரம், அரபி, சீனம், ஜப்பானியம் போன்றவற்றுக்கு 88 வாரம், அதாவது 2,200 வகுப்பு மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. தாய்மொழி எதுவோ அதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். ஆனாலும் ஆறு மாதத்தில் பிரசங்கம் பண்ணிவிடலாம் என்று எண்ணி வருகிறவர்களுக்கு இந்த எண்களை முதல் நாளே காட்டிவிடுகிறேன்.

பழைய முன்மாதிரி நமக்குத் தெரிந்த இடத்திலேயே இருக்கிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குக்கு இருபதுகளின் தொடக்கம்தான். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. ஒரு பள்ளி ஆசிரியரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தக் கேட்டுக்கொண்டார். சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஒன்பது ஆண்டுகளுக்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பெரிய படிப்புப் படித்து வந்த ஒருவர் குழந்தைகள் நடுவே உட்கார்ந்ததைத்தான் நான் அதில் மிகவும் மதிக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது:

1. மொழித் துணைவர் ஒருவரைத் தேடுங்கள். ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. பொறுமையும், தெளிவான உச்சரிப்பும், உங்களைத் திருத்தத் தயங்காத மனமும் போதும். அவர் நேரத்துக்கு உரிய கூலியைத் தவறாமல் கொடுங்கள்.

2. நாள் ஒன்றுக்கு நான்கைந்து வாக்கியம் போதும். நீங்கள் அன்று சொல்ல விரும்புவதை அவரிடம் எப்படியாவது விளக்குங்கள். அவர் மொழியில் அவர் இயல்பாகச் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். வாயைத் திறக்குமுன் இருபது முறையாவது கேளுங்கள். காதுக்குப் பழகாத ஒலி நாக்குக்கு வராது.

3. மதியம் வெளியே போய் அந்த வாக்கியங்களைப் பத்துப் பேரிடமாவது சொல்லுங்கள். பேருந்து நிறுத்தம், கடை, பூங்கா எதுவானாலும் சரி. “நான் உங்கள் மொழியைக் கற்கிறேன்” என்பதே முதல் நாளின் வாக்கியமாக இருக்கட்டும். அதைக் கேட்டதும் எத்தனை பேர் உங்களுக்கு ஆசிரியர்களாகிவிடுகிறார்கள் என்று பாருங்கள்.

4. அவர்கள் சொன்ன பதிலில் புரியாதது எதுவோ, அதை இரவில் எழுதிவையுங்கள். மறுநாள் பாடம் அதுதான்.

எதை முதலில் கற்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பாவம், இரட்சிப்பு, கிருபை போன்ற சொற்களை அவசரப்பட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். “உங்கள் அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?”, “என்னை மன்னியுங்கள்”, “எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்”, துக்க வீட்டில் என்ன சொல்ல வேண்டும், விடைபெறும்போது என்ன சொல்ல வேண்டும், இவை முதலில் வரட்டும். வேதச் சொற்கள் தாமதமாக வந்தால் நல்லது, ஏனென்றால் அவற்றின் எடை புரியப் பல மாதம் ஆகும். நம் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். கடவுளைக் குறிக்க, 18-ஆம் நூற்றாண்டில் வந்த ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸ் தம் வேதாகம மொழிபெயர்ப்பில் பராபரன் என்று எழுதினார். 1871-இல் வந்த ஐக்கியத் திருப்புதல் தேவன் என்றது. பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்கிறது. ஒரே சொல்லுக்கு இத்தனை தேடல். ஆகவே புதிய மொழியில் கடவுளுக்கு நீங்களாக ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே உள்ள விசுவாசிகள் எந்தச் சொல்லில் ஜெபிக்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேளுங்கள்.

மதியம்: வீடுகளைச் சந்தித்தல்

தனியாகப் போகாதீர்கள். இயேசுவும் இருவர் இருவராகத்தான் அனுப்பினார். சகோதரிகள் சகோதரிகளோடும், சகோதரர்கள் சகோதரர்களோடும் போவது எந்த நாட்டிலும் தவறாகாது. கூடுமானால் இருவரில் ஒருவர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும்.

வீட்டுக்குள் போனால் கைபேசியை வெளியே எடுக்காதீர்கள். எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்காருங்கள். காலணி, உடை, பெரியவர்களை வாழ்த்தும் முறை எல்லாவற்றிலும் உடன் வந்தவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். 1854-இல் 21 வயதில் சாங்காய் வந்த ஆங்கிலேய மிஷனரி ஹட்சன் டெய்லர் அடுத்த ஆண்டே சீன உடைக்கு மாறியபோது அங்கிருந்த ஐரோப்பியர்களே அவரை ஏளனம் செய்தார்கள். ஆனால் தெருவில் மக்கள் அவர் உடையை வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேட்க நின்றார்கள். நீங்கள் வேடம் போட வேண்டாம். உங்கள் உடை உங்களுக்கு முன்னால் ஓடிப் போய்ப் பேசாமல் இருந்தால் போதும்.

அவர்களிடம் கேளுங்கள். பிள்ளைகளைப் பற்றி, வேலையைப் பற்றி, அந்த ஊர் முன்பு எப்படி இருந்தது என்பதைப் பற்றி. அவர்கள் வணங்குவதைப் பற்றியும் மரியாதையாகக் கேட்கலாம், கேட்டதற்கு உடனே மறுமொழி சொல்லாமல் இருக்க முடியுமானால். ஒரு கட்டத்தில் அவர்கள் உங்களைக் கேட்பார்கள்: “நீ ஏன் இங்கே வந்தாய்?” இந்தக் கேள்விக்கு உண்மையான, சுருக்கமான, அந்த மொழியிலேயே அமைந்த பதில் ஒன்று முதல் மாத முடிவுக்குள் உங்களிடம் இருக்க வேண்டும். மொழித் துணைவரோடு உட்கார்ந்து அதைச் செதுக்குங்கள். நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். மேலும் அறிய விரும்புகிறவர் மேலும் கேட்பார்.

வியாதியஸ்தர் இருந்தால், “உங்களுக்காக ஜெபிக்கலாமா?” என்று கேட்டு, சம்மதித்தால் மட்டும் ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் முகம் வாடாமல் பேச்சைத் தொடருங்கள். பணம், வேலை, வெளிநாட்டு விசா, படிப்பு எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். உதவி தேவைப்படும் குடும்பத்தைக் கண்டால் உள்ளூர்ச் சபையின் மூப்பர்களிடம் சொல்லி, அவர்கள் கையால் போகட்டும். உங்கள் கையால் போகும் பணம், அவர்கள் பிறகு எடுக்கும் விசுவாசத் தீர்மானத்தின்மேல் சந்தேகத்தைப் போட்டுவிடும். குழந்தைகளோடு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள்; பெற்றோர் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். இதற்கு விதிவிலக்கே இல்லை.

சோர்ந்துபோகும் நாட்கள்

வியாழன் மாலை ஆகும்போது பலருக்கு மனம் இறங்கும். வாரத்தில் அது ஒரு மாலை என்றால், ஆண்டில் அது மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை நீளும் ஒரு காலம். கலாசார அதிர்ச்சி என்ற சொல்லைப் பரவலாக்கிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க் இதைப் படிப்படியாக விவரித்தார்: முதலில் எல்லாம் அழகாகத் தெரியும்; பிறகு எல்லாமே எரிச்சலூட்டும்; மெல்லத் தெளியும்; கடைசியில் பழகிப்போகும். அந்த இரண்டாம் கட்டத்தில் உங்களுக்கு வரும் கோபத்தை விசுவாசக் குறைவு என்று எண்ணிக் கலங்க வேண்டாம். வருவதுதான். ஆனால் அந்தக் கோபத்தில் ஊர் மக்களைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள், பேசாதீர்கள். “இவர்களே இப்படித்தான்” என்று உங்கள் வாயில் வந்தால் அன்று சீக்கிரம் தூங்கப் போங்கள்.

அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-இல் பர்மாவின் இரங்கூனுக்கு வந்தபோது அவருக்கு 24 வயது. முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-இல். நடுவில் ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டில் அவர் காலையில் எழுந்து மொழி படித்த நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், நம்முடைய மூன்றாம் மாதத்தைத் தாங்க எனக்குத் தெம்பு வருகிறது. சோர்வு இரண்டு மூன்று வாரமாகத் தூக்கத்தையும் பசியையும் கெடுத்தால் அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் போங்கள், மிஷன் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

வெள்ளி: கணக்கும் ஜெபக் கடிதமும்

கணக்கை வாரா வாரம் எழுதுங்கள். ஆதரவாளர்கள் அனுப்பியது ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், ரசீதுகள் ஓர் உறையில். மாதக் கடைசிக்கு விட்டால் மறந்துபோகும், மறந்தது சந்தேகமாகும். கல்விக்கோ மருத்துவத்துக்கோ உரிய விசாவில் வந்திருந்தால், அந்த வேலையை முழு மனதோடு நன்றாகச் செய்யுங்கள். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடு கூடாரம் தைத்தபோது அந்தத் துணிகள் மழைக்கு ஒழுகியிருக்காது என்று நான் நம்புகிறேன்.

ஆதரவாளர்களுக்கு நாம் அனுப்பும் ஜெபக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். என் இரண்டாம் ஆண்டில் ஓர் இளைஞன் விசுவாசத்துக்கு வந்தான். சந்தோஷத்தில் அவன் பெயரையும் படத்தையும் போட்டு ஆதரவாளர்களுக்கு எழுதினேன். கடிதத்தை யாரோ இணையத்தில் பகிர்ந்தார்கள். அது சுற்றி அவன் அண்ணன் கண்ணில் பட்டது. தன் வீட்டாரிடம் தானே, தன் நேரத்தில் சொல்ல வேண்டும் என்று அவன் காத்திருந்தான். நான் அதை அவனிடமிருந்து பறித்துவிட்டேன். அவனை வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். அவன் என்னை மன்னித்தான். ஆனால் அவன் அம்மாவின் வாசற்படியை மிதிக்க அவனுக்கு நான்கு ஆண்டு ஆயிற்று.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. பெயர் எழுதுவதில்லை, மாற்றுப் பெயரும் அடையாளம் காட்டினால் எழுதுவதில்லை. ஊரின் பெயர் இல்லை. முகம் தெரியும் படம் இல்லை. எழுதிய பிறகு, அந்த மனிதரே பின்னால் நின்று இதை வாசித்தால் என்ன நினைப்பார் என்று கேட்டுப் பார்க்கிறேன். அவர் வறுமையையோ குடும்பச் சண்டையையோ நன்கொடைக்காகக் காட்டியிருந்தால் அழித்துவிடுகிறேன். எண்ணிக்கையைப் பெரிதாக்குவதில்லை, ஒன்றும் நடக்காத மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை, ஜெபியுங்கள் என்று எழுதுகிறேன். அப்படி எழுதிய மாதங்களில் ஆதரவு குறைந்ததில்லை.

சனி: உடன் ஊழியரோடு

ஒரே வீட்டில், ஒரே வேலையில், வேறு நண்பர் இல்லாத ஊரில் இருக்கும் இருவருக்குள் உரசல் வரும். பாத்திரம் கழுவுவதில் தொடங்கும். பவுலும் பர்னபாவும் மாற்குவை அழைத்துப்போவதா வேண்டாமா என்பதில் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்தார்கள். வயதான பவுல் அதே மாற்குவை அழைத்துவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். சனிக்கிழமை ஒரு மணி நேரம் இருவரும் உட்கார்ந்து, இந்த வாரம் என்னை நோகச் செய்தது எது, நான் உங்களை நோகச் செய்தேனா என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். பிறகு சேர்ந்து ஜெபியுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். மனஸ்தாபத்தைப் பேசாமல் ஜெபத்தில் மறைமுகமாகக் குத்திக்காட்டுகிறவர்களை நான் அறிவேன்.

ஞாயிறு

உள்ளூர்ச் சபைக்குப் போங்கள். வெளிநாட்டவர் கூடும் ஆராதனை பக்கத்திலேயே இருந்தாலும் முதல் ஆண்டில் மாதம் ஒரு முறைக்கு மேல் அங்கே போக வேண்டாம். முன்வரிசையில் நாற்காலி போட்டால் நன்றி சொல்லி, ஏதாவது ஒரு குடும்பத்தோடு பின்னால் உட்காருங்கள். பேசச் சொன்னால் சாட்சி மட்டும் சொல்லுங்கள், மூன்று நிமிடம். அந்தச் சபையின் போதகர் உங்களைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்கலாம். ஆனால் அந்த மக்களின் வீட்டுக் கதைகள் அத்தனையும் தெரிந்தவர். அவர் பிரசங்கத்தில் புரிந்த சொற்களை நோட்டில் குறியுங்கள். முதல் வாரம் மூன்று சொல் புரியும். பத்தாம் வாரம் ஒரு முழு வாக்கியம் பிடிபடும்.

ஆராதனை முடிந்ததும் ஓடாதீர்கள். நாற்காலி அடுக்க, தரை கூட்ட ஆட்கள் நிற்பார்கள், அவர்களோடு நில்லுங்கள். வேலை செய்துகொண்டே பேசும்போது மொழித் தவறுகள் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. பெயர்களைக் கேட்டு, சரியாக உச்சரிக்கும்வரை திருப்பிச் சொல்லுங்கள்.

இரவு, நோட்டின் புதிய பக்கத்தில் அன்று சந்தித்தவர்களில் மூவரின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர்கள் சொன்ன ஒரு செய்தியை எழுதுங்கள்: மகனுக்குத் தேர்வு, கணவருக்கு மூட்டுவலி, வாடகை வீடு மாறப் போகிறார்கள். செவ்வாய் மதியம் போகப் போவது அவர்கள் வீட்டுக்குத்தான். செவ்வாய் காலை மொழித் துணைவரிடம் கேட்க வேண்டிய வாக்கியங்களும் அதில் இருக்கின்றன.